மண்சரிவு விழுந்தால் பதுளைக் கோச்சியை வேறு பாதையில் திருப்ப முடியாதா?

வட்டகொடைப் பயணி:
இந்தியாவில் ஒரு பாதை அடைபட்டால் எக்ஸ்பிரஸ் ரயிலைச் சரக்குப் பாதை வழியாகச் சுற்றிக் கொண்டுபோகிறார்கள். நமக்கு ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் இடையில் மண் சரிந்தால் கொழும்பு – பதுளை ரயில் பாதியில் நின்றுவிடுகிறது. எண்ணெய் வேகன் போகும் பாதைகள், மூடிக்கிடக்கும் பழைய பாதைகள் ஏதாவது பயன்படாதா? அப்படி இல்லையென்றால் பயணிகளை எப்படி அக்கரை சேர்க்கிறார்கள்?

டேப்லட் வளையம்:
சுற்றுப்பாதை கிடையாது தம்பி. சரக்கும் பயணிகளும் போவது ஒரே தண்டவாளத்தில்தான். கொட்டகலை, ஹப்புத்தளை எண்ணெய்க் களஞ்சியங்களுக்குப் பிரியும் கிளைகள் முட்டுச்சந்துகள். உள்ளே போனால் அதே வழியாகத்தான் வெளியே வரவேண்டும்.

பழைய பாதைகளைச் சொன்னால், நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஓடிய பாதை 1940களில் மூடப்பட்டது. அது இரண்டரை அடி அகலம், நம் பிரதான பாதை ஐந்தரை அடி. இன்று இருந்திருந்தாலும் பெட்டிகள் ஏறாது, ராகலைக்கு அப்பால் தொடர்ச்சியும் இல்லை. களனிவெளிப் பாதை ஒரு காலத்தில் இரத்தினபுரி தாண்டி ஓப்பநாயக்க வரை போனது. 1990களில் அகலமாக்கியது அவிசாவளை வரைதான். ஓப்பநாயக்கவை ஹப்புத்தளையோடு யாரும் இணைக்கவே இல்லை. கண்டிக்கு அப்பால் மாத்தளையோடு பாதை முடிகிறது.

உள்ள ஒரே நெகிழ்வு, கொழும்பு, கண்டி, பதுளைப் பாதைகள் கூடும் பேராதனை முக்கோணம். கண்டிப் பக்கம் அடைபட்டால் பதுளை ரயில் கண்டிக்குள் நுழையாமல் நேரே கம்பளைக்குப் போகலாம். உடரட்ட மெனிகே எப்போதும் அப்படித்தான் போகிறது. பொடி மெனிகேதான் கண்டிக்குள் போய்த் திரும்புவது. கம்பளைக்கு மேலே அந்த வசதியும் இல்லை.

வட்டகொடைப் பயணி:
அப்படியென்றால் நடுவழியில் மாட்டிய ரயில் என்ன ஆகும்?

டேப்லட் வளையம்:
ஒற்றைப் பாதையில் அந்தப் பகுதிக்கான டேப்லட், அதாவது உள்ளே போக அனுமதி தரும் வில்லை, சாரதியின் கையில் இருக்கும்வரை வேறு ரயில் உள்ளே வரமுடியாது. அதனால் கார்ட் பின்பக்கத்திலிருந்து வழிகாட்ட, மெதுவாக முந்தைய ஸ்டேஷனுக்கே பின்வாங்கலாம். அங்கே எஞ்சினைக் கழற்றி லூப் எனும் பக்கத் தண்டவாளம் வழியாக மறுமுனைக்குக் கொண்டுவர வேண்டும். லூப்பில் வேகன் நின்றால் முதலில் அதை ஒதுக்கவேண்டும், நேரம் போவது இதில்தான். எஸ்12 போன்ற, எஞ்சினும் பெட்டிகளும் ஒன்றாகவே இருக்கும் ரயில் தொடர்களுக்கு இரு முனையிலும் சாரதி அறை இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

அடைப்புக்கு மேலே அகப்பட்ட ரயில்களை வைத்து, நானுஓயா – பதுளை மாதிரி ஒரு துண்டுச் சேவை ஓட்டலாம். ஆனால் பெரிய வேலைத்தளம் இரத்மலானையில் இருக்கிறது. 44 அடிக்கு 1 அடி ஏறும் சரிவில் பிரேக் கட்டைகள் சீக்கிரம் தேயும். மாற்றுச் சாமானும் டீசலும் வீதியால்தான் ஏறவேண்டும். அதனால் துண்டுச் சேவை நீண்டநாள் ஓட ஓட எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நிற்கும். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்ததுபோல் ஒரே நேரத்தில் பல இடங்கள் உடைந்தால் துண்டுகளும் சிறிதாகிவிடும்.

ஊவா பஸ்காரர்:
பஸ் மாற்றத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எந்த இரு ஸ்டேஷனுக்கு இடையில் அடைப்பு என்று கேட்காமல் கிளம்பாதீர்கள், அதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

ஹட்டன் – நானுஓயா என்றால் சுலபம். ஏ7 வீதி தலவாக்கலை வழியாகக் கூடவே வருகிறது. நாவலப்பிட்டி – ஹட்டன் என்றால் பஸ் கினிகத்தேனை சுற்றவேண்டும். வட்டவளை, ரொசல்லக்காரருக்குப் பிரச்சினையில்லை. இங்குருஓயா, கலபொட ஸ்டேஷன்களில் இறங்கவேண்டியவர்களைத்தான் பஸ் கைவிட்டுவிடும். ரம்புக்கனை – கடுகண்ணாவை ஏற்றத்திலும் இதே கதை: பஸ் மாவனல்லைக்குப் போய் ஏ1 பிடிக்கும், பலன, இஹல கோட்டே ஆட்கள் தனியே வழி பார்க்கவேண்டும்.

மோசமானது நானுஓயா – ஹப்புத்தளை. பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையில் பாதை 1,898 மீட்டர் உச்சியைத் தாண்டுகிறது, பக்கத்தில் பெருவீதி இல்லை. பஸ் நுவரெலியா, வெலிமடை சுற்றித்தான் ஹப்புத்தளைக்கோ பண்டாரவளைக்கோ இறங்கும். ஒரு ரயில் கூட்டத்துக்கு ஐம்பது பேர் ஏறும் பஸ் பத்துக்கு மேல் தேவைப்படும். சாமான் பெட்டி அதிகமென்றால் இன்னும் கூடும்.

கொழும்பிலிருந்து ஹப்புத்தளைக்கு அப்பால் போகிறவர் ரயிலை அன்றைக்கு மறந்துவிட்டு, இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை வழியாக ஏ4இல் வருவது நல்லது. என்னைக் கேட்டால் ஊவாவுக்கு, அதாவது பதுளைப் பக்கத்துக்கு, உண்மையான சுற்றுப்பாதை அதுதான். ஆனால் கடும் மழையில் பெரகலைப் பக்கமும் மண் சரியும், ஏறுமுன் அதையும் விசாரியுங்கள்.

வட்டகொடைப் பயணி:
நன்றி அண்ணா. எண்ணெயும் வீதியால் பவுசர் லொறியில்தானே வரும்?

டேப்லட் வளையம்:
வேறு வழி? பாதை திறந்தபிறகும் முதலில் வெறும் எஞ்சின்தான் விடுவார்கள். மேலே மண்ணை அள்ளியது போதாது, தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியை நீர் அரித்திருந்தால் சிலிப்பர் அந்தரத்தில் தொங்கும். அதை நிரப்பி இறுக்கும்வரை அந்த இடத்தில் நடை வேகம்தான்.