ஹேக்கர் பூசாரியை எதிர்த்தவனா, இல்ல அவனே இப்ப பூசாரியா?

கர்னல்_கருப்பசாமி:
எங்க டீம்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் தன் புரொஃபைல்ல "ஹேக்கர்"னு, அதாவது கம்ப்யூட்டரை ஆசையா நோண்டிப் பாக்குறவன்னு, போட்டுக்கிட்டான், அவ்ளோதான், ஒரு சீனியர் அவனைக் கேன்டீன்ல உக்கார வச்சு பிரசங்கமே பண்ணிட்டாரு. அது நாமளா வச்சுக்கிற பட்டம் இல்லையாம், மத்த ஹேக்கருங்க பார்த்து கூப்பிடணுமாம். தீட்சையாய்யா குடுக்குறீங்க? இந்த ஹேக்கர் கூட்டம் எங்க ஆரம்பிச்சுதுன்னு தெரியுமா? 1950கள் கடைசியில அமெரிக்காவுல இருக்கிற எம்.ஐ.டி. காலேஜ்ல ஐபிஎம் 704னு ஒரு பெரிய கம்ப்யூட்டர் மெஷின், மாணவன் கிட்டயே போக முடியாது, புரோகிராமை ஓட்டை ஓட்டையா போட்டு வச்ச பஞ்ச் கார்டை ஆபரேட்டர் கையில குடுத்துட்டு வெளிய நிக்கணும், அவரு உள்ள கொண்டுபோய் போட்டு பல மணி நேரம் கழிச்சு ரிசல்ட்டை பிரசாதம் மாதிரி நீட்டுவாரு. பசங்க இந்த ஆபரேட்டருங்களுக்கு வச்ச பேரே பூசாரிக் கூட்டம்! ரயில் மாடல் கிளப்புல ரிலே வயரை நோண்டிக்கிட்டு இருந்த அந்த பசங்களுக்கு 1958ல டிஎக்ஸ்-0 மெஷின் வந்துச்சு, அதுல நேரா உக்காந்து டைப் பண்ணலாம், ராத்திரி ரெண்டு மணி ஸ்லாட் கெடச்சாலும் போயிருவாங்க. பூசாரியே வேணாம்னு கிளம்புன கூட்டம் இன்னைக்கு தானே வாசல்ல நின்னு "நீ உள்ள வரலாமா"ன்னு கேக்குது.

செமிகோலன்_செல்வி:
கருப்பு, உங்க சீனியர் ஒரு ஆளு சரியில்லைங்கிறதுக்காக மொத்தக் கூட்டத்தையும் திட்டாதீங்க. இவங்க மதத்தை சீரியஸா எடுத்ததே இல்ல. சுதந்திர மென்பொருள் இயக்கத்தை ஆரம்பிச்ச ரிச்சர்ட் ஸ்டால்மேன் பழைய டிஸ்க் தட்டு ஒண்ணை தலைக்குப் பின்னாடி ஒளிவட்டம் மாதிரி மாட்டிக்கிட்டு அங்கி போட்டு செயின்ட் இக்னூசியஸ்னு மேடை ஏறுவாரு, கோட் எழுதுற ஈமாக்ஸ் எடிட்டருக்குன்னு ஒரு சர்ச்சாம், அதோட புனிதராம். எதிரி எடிட்டர் பேரு விஐ, ரோமன் எண்ல ஆறு, மூணு தடவை எழுதினா 666, சாத்தானோட எடிட்டர்! யாரும் எடுத்து மாத்திக்கலாம்னு விட்ட சுதந்திர விஐ யூஸ் பண்றது பாவமான்னு கேட்டா இல்ல, அது பிராயச்சித்தம்பாரு. தன்னையே கிண்டல் பண்ணிக்கிற மதம் உலகத்துல எங்கங்க இருக்கு?

கர்னல்_கருப்பசாமி:
கிண்டல்னு சொல்லிக்கிட்டே ஈமாக்ஸ் ஆளும் விஐ ஆளும் நாப்பது வருசத்துக்கு மேல அடிச்சிக்கிறாங்களே அக்கா, அதுவும் கிண்டலா? வரி முன்னாடி இடம் விட ஸ்பேஸா டேப்பான்னு கோட் ரிவியூல பாதி நாள் போகுது.

லாக்_பார்க்கும்_லோகு:
ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்ல. நான் செக்யூரிட்டில இருக்கேன். ஊர்ல ஹேக்கர்னா திருடன், கதை முடிஞ்சுது. நான் கம்ப்யூட்டர் வேலைன்னு சொன்னதும் எங்க மாமா ஒருத்தர் காதுகிட்ட வந்து "மாப்ள, மருமக போன்ல என்ன பேசுறான்னு பாக்க முடியுமா"ன்னு கேட்டாரு, அவருகிட்ட போய் ரயில் மாடல் கிளப் கதை சொல்லவா?

பழைய_யுனிக்ஸ்_தாத்தா:
தம்பி லோகு, பத்திரிகைக்காரன் கெடுத்த பேரு அது. திருடனுக்குன்னு க்ராக்கர்னு தனியா ஒரு பேரு 1985 வாக்குலயே எங்க ஆளுங்க வச்சாச்சு. 1993ல வந்த ஆர்எஃப்சி 1392னு இன்டர்நெட் சொல் அகராதியை எடுத்துப் பாரு, ஒரு சிஸ்டம் உள்ளுக்குள்ள எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிறதுல சந்தோசப்படுறவன்தான் ஹேக்கர்னு போட்டிருக்கு.

லாக்_பார்க்கும்_லோகு:
தாத்தா, இந்த பத்திரிகைக்காரன் புராணத்தை எல்லாரும் சொல்றாங்க. 1963 நவம்பர்ல எம்.ஐ.டி. மாணவர் பத்திரிகையிலயே ஹேக்கருங்கனு எழுதியாச்சு, எதுக்கு? ஹார்வர்டுக்கும் எம்.ஐ.டி.க்கும் நடுவுல உள்ள போன் லைனை மொத்தமா அடைச்சதுக்கு, அப்புறம் ஒரு ராடார் நிலையத்து கணக்குல லாங் டிஸ்டன்ஸ் கால் பேசுனதுக்கு. ஓசி கால்! பிறந்த வீட்லயே திருட்டுப் பட்டம் வாங்கியாச்சு, இப்ப வந்து நாங்க சுத்த சைவம்னா எப்படி.

பழைய_யுனிக்ஸ்_தாத்தா:
போன் பில்லு சின்ன வயசு குறும்பு. அதைப் போய் ஏடிஎம் கொள்ளையோட சேக்காதே.

லாக்_பார்க்கும்_லோகு:
பில்லு கட்டுனவன்கிட்ட கேளுங்க குறும்பான்னு 😂

அரைகுறை_டெவலப்பர்:
நடுவுல வர்றேன் மன்னிக்கணும். செல்வி அக்கா எல்லாம் விளையாட்டுங்கிறாங்க, ஆனா நெசமாவே பக்தியா இருக்கிற ஆளுங்களும் இருக்காங்களே. எஸ்க்யூலைட்னு ஒரு டேட்டாபேஸ் மென்பொருள், அதோட சோர்ஸ் ஃபைலைத் தொறந்தா மேல லைசென்ஸ் இருக்க வேண்டிய இடத்துல ஒரு ஆசீர்வாதம் இருக்கு, நல்லது செய், கெட்டது செய்யாதே, உன்னையும் மன்னிச்சுக்கோ மத்தவனையும் மன்னி, தாராளமா பகிர்ந்துக்கோ, குடுத்ததுக்கு மேல எடுக்காதேங்கிற மாதிரி. நம்ம எல்லார் போனுக்குள்ளயும் அந்த ஆசீர்வாதத்துல பொறந்த கோட் ஓடுது. 2018ல அந்த டீம் நடத்தை விதி வேணும்னதும் செயின்ட் பெனடிக்ட்னு கிறிஸ்தவத் துறவியோட ஆறாம் நூற்றாண்டு மடத்து விதிகளையே எடுத்து போட்டுட்டாங்க, ஊரே கொந்தளிச்சுது, அப்புறம் பேரை நெறிமுறைன்னு மாத்திட்டு விதியை அப்படியே விட்டுட்டாங்க. பெர்ல்ங்கிற புரோகிராம் மொழியை உருவாக்குன லாரி வாலும் விசுவாசிதான், அந்த மொழியில ஒரு ரெஃபரன்ஸ் ஆப்ஜெக்ட் ஆகணும்னா ப்ளெஸ், அதாவது ஆசீர்வதின்னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடணும். அப்புறம் விஐயோட வாரிசான விம்மை சும்மா தொறந்தாலே உகாண்டா குழந்தைகளுக்கு உதவுங்கனு வரும், ப்ராம் மூலினார் 1991ல வெளியிட்டு 2023ல அவர் இறக்குற வரைக்கும் கவனிச்சுக்கிட்ட எடிட்டர். ஒரு சபைன்னா இதுதானே செய்யணும்?

செமிகோலன்_செல்வி:
இது நல்லா இருக்கு. ஆனா கவனி, இவங்க யாரும் "நீ எங்க ஆளா"ன்னு கேக்கல, இந்தாங்க எடுத்துக்கோங்கன்னு குடுத்துட்டு போயிட்டாங்க. கருப்போட சீனியர் எதைக் குடுத்தாராம்?

கர்னல்_கருப்பசாமி:
பிரசங்கம் குடுத்தாரு. அவரு ஈமாக்ஸ்ல மாத்துன செட்டிங் ஃபைலை ஒருத்தருக்கும் காட்ட மாட்டாரு, கேட்டா உனக்கு புரியாதுங்கிறாரு. அந்த ஆபரேட்டரும் இதைத்தானே சொல்லியிருப்பாரு! அந்தப் பையன் புரொஃபைலை அப்படியேதான் விட்டிருக்கான், நான்தான் விடச் சொன்னேன்.

பழைய_யுனிக்ஸ்_தாத்தா:
ஈமாக்ஸ் ஆளுங்க எல்லாரும் அப்படி இல்லப்பா. நானும் ஈமாக்ஸ்தான், உள்ள விம் கீ போட்டு ஓட்டுறேன். அதுக்கான பேக்கேஜ் பேரே ஈவில், தீமைன்னு அர்த்தம்.

லாக்_பார்க்கும்_லோகு:
அடப்பாவி தாத்தா! புனிதர் வீட்டுக்குள்ள சாத்தானை வாடகைக்கு வச்சிருக்கீங்களா? நீங்க எந்த சபைன்னு முதல்ல சொல்லுங்க.

பழைய_யுனிக்ஸ்_தாத்தா:
வேளாங்கண்ணிக்கும் போறோம், சமயபுரத்துக்கும் போறோம், அங்க எவனாவது கேட்டானா? நீ உன் லாக்கைப் பாரு.