குறைந்த செலவில் ஸ்ட்ரோக்கர்: கிராங்க் கிடைத்தாயிற்று, அப்புறம்?

ஜீப் 4.0 லிட்டர் என்ஜின் வைத்திருப்பவர்களில் ஸ்ட்ரோக்கர் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை நீட்டும் கிராங்கைப் போட்டுக் கொள்ளளவைக் கூட்டிய என்ஜின்) கட்டலாமா என்று யோசிக்கிற எல்லோரும் முதலில் தேடுவது 258 என்ஜினின் கிராங்கைத்தான். அது கைக்கு வந்ததும் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு சந்தோஷம். என் கணக்கில் அது கால்வாசிகூட இல்லை. கிராங்க், காயலான் கடையில் பேரம் பேசி வாங்குகிற சாமான். பணம் கரைவது அதற்கு அப்புறம்: பிஸ்டன், போரிங், கிரைண்டிங், பேரிங், கேஸ்கட் செட், டைமிங் செயின், ஆயில் பம்ப். இதில் ஒன்றையும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. கட்டியவர்கள் அவரவர் பட்டதை எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்காக அடிப்படை மட்டும். 4.0 என்ஜின் 1987 முதல் 2006 வரை வந்தது. வரிசையாக ஆறு சிலிண்டர், போர் (சிலிண்டரின் விட்டம்) 98.4 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 86.7 மி.மீ. அதே ஏ.எம்.சி. (அமெரிக்கன் மோட்டார்ஸ்) குடும்பத்தில் 1971இல் வந்த 258 கன அங்குல என்ஜினுக்கு ஸ்ட்ரோக் 98.9 மி.மீ. இரண்டிலும் மெயின் ஜர்னலும் ராடு ஜர்னலும் (கிராங்கில் பேரிங் பிடிக்கிற வழவழப்பான பகுதிகள்) ஒரே அளவு. அதனால்தான் பெரிய என்ஜினின் கிராங்க் சின்ன என்ஜினின் பிளாக்கில் வம்பு பண்ணாமல் உட்காருகிறது. போரைத் தொடாமல் விட்டால் 4.5 லிட்டர். 30 தௌ (0.030 அங்குலம்) பெரிதாக்கினால் 4.6. 60 தௌ போனால் 4.7 என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் சிலிண்டர் சுவர் எவ்வளவு கனம் மிச்சம் என்று அல்ட்ராசானிக் கருவியால் அளக்காமல் அந்த அளவுக்குப் போக நான் சொல்ல மாட்டேன்.

நான் பார்க்கப் போன கிராங்க் ஒரு பழைய ஜீப் சி.ஜே. வண்டியிலிருந்து கழற்றியது. "பேரிங்கே தேயலை சார், அப்படியே தூக்கிப் போடலாம்" என்றார் விற்றவர். பேரிங் உண்மையிலேயே பார்க்க அழகாகத்தான் இருந்தது. மைக்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொரு ஜர்னலிலும் இரண்டு ஓரம், நடு, அப்புறம் கால் சுற்று திருப்பி மறுபடி அதே மூன்று இடம் என்று வைத்துப் பார்த்தபோது, நாலாவது ராடு ஜர்னல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்கும் தட்டாது. அடுத்த அண்டர் சைஸுக்கு (ஒரு படி சின்ன அளவுக்கு) கிரைண்டிங் பண்ணியே ஆக வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேசினேன். மனுஷர் முறைத்தார், ஆனாலும் கொடுத்துவிட்டார்.

258 கிராங்கிலேயே இரண்டு வகை உண்டு. பழையதில் பன்னிரண்டு எதிரெடை, கனமானது. பின்னாளில் வந்ததில் நாலுதான், இலகுவானது. பழையவற்றில் சிலதுக்கு முன்மூக்கு நீளம், புல்லி பக்கம் கொஞ்சம் வெட்டவோ ஸ்பேசர் வைக்கவோ வேண்டும். பாறையில் மெதுவாக ஏறுகிற வண்டிக்குக் கனமான கிராங்கே நல்லது என்பது என் கட்சி. ஐடிலில் கிளட்சை விடும்போது என்ஜின் சட்டென்று நின்றுபோகாது. சாலையில் விரட்டி ஓட்டுபவர் வேறு மாதிரி சொல்வார், சொல்லட்டும்.

*

அண்ணே, கிராங்கைப் பற்றி நல்லா எழுதிட்டீங்க. நான் கம்ப்ரஷன் கணக்கை எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுகிற இடம் அதுதான்.

4.0இல் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 661 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 8.8 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிச்சமிருக்கும் இடம் சுமார் 85 சிசி. இப்போது போரைத் தொடாமல் 258 கிராங்கையும் 258 ராடையும் போட்டு, 4.0 பிஸ்டனையே திரும்ப மாட்டுகிறோம் என்று வையுங்கள். இதைவிட மலிவான வழி கிடையாது. பிஸ்டனையும் ராடையும் கோர்க்கிற பின் இரண்டிலும் ஒரே அளவுதான், பிரஸ்ஸில் வைத்து ஏற்றிவிடலாம். கொள்ளளவு 753 சிசி ஆகிவிடும். ஆனால் மேலே இருக்கும் இடம் பெரிதாக மாறாது. 258 ராடு 5.875 அங்குலம், 4.0 ராடு 6.125. ராடில் குறைகிற கால் அங்குலத்தை ஸ்ட்ரோக் ஏறக்குறைய ஈடுகட்டிவிடுவதால், பிஸ்டன் முன்பைவிட ஒரு 10 தௌதான் கீழே நிற்கும். அதனால் கூடுவது இரண்டு சிசி. வகுத்துப் பாருங்கள்: கம்ப்ரஷன் 9.7 பக்கம் போய் நிற்கும்.

பெட்ரோல் நல்லதாக இருந்தால் 9.7 தாங்கும் என்று பலர் சொல்வார்கள். தாங்கலாம், சமதளத்தில். முழு பாரத்தோடு மணல் மேட்டில் குறைந்த ஆர்.பி.எம்.இல் திராட்டிலை அழுத்தினால் கிண் கிண் என்று நாக்கிங் (கலவை நேரம் தவறி வெடிக்கிற சத்தம்) கேட்கும். அப்போது இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் தள்ளி ஓட்டுவீர்கள். ஸ்ட்ரோக்கரில் கிடைத்த இழுவையில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.

சரி, கம்ப்ரஷனைக் குறைக்க என்ன வழி? தடிமனான ஹெட் கேஸ்கட் போடு என்பது பட்டறையில் கிடைக்கிற முதல் யோசனை. எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். 9.2க்குக் கொண்டுவர இன்னும் 5 சிசி இடம் வேண்டும். கேஸ்கட்டில் அதை எடுத்தால் முக்கால் மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகத் தடிமன் கூடும். என் பிளாக்கில் பிஸ்டன் ஏற்கெனவே டெக்கிலிருந்து (பிளாக்கின் மேல்தளம்) முக்கால் மி.மீ. கீழே, அமுங்கிய கேஸ்கட் 1.3 மி.மீ. மொத்தம் இரண்டு மி.மீ.க்கு மேல் இடைவெளி. பிஸ்டனின் தட்டையான ஓரமும் ஹெட்டும் நெருங்கி வந்து கலவையை நடுவே தள்ளுகிற அந்தக் குவென்ச் இடைவெளி ஒரு மி.மீ. சுற்றி இருந்தால்தான் வேலை செய்யும். தடிமனான கேஸ்கட் போட்டால் கம்ப்ரஷன் குறையும், ஆனால் நாக்கிங் அப்படியேயும் இருக்கலாம். நான் போட்டது கிண்ணம் ஆழமான பிஸ்டன். டெக்கையும் கொஞ்சம் ஃபேசிங் செய்து இடைவெளியை இறுக்கினேன். என் வேலையிலேயே அதிகம் செலவானது அந்தப் பிஸ்டன் செட்டுக்குத்தான். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வேறு எங்கு வேண்டுமானாலும் பிடிக்கலாம், அங்கே வேண்டாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. 4.0 ராடையே வைத்துக்கொண்டு உயரம் குறைந்த பிஸ்டன் போடுகிற வழியும் இருக்கிறது. ராடுக்கும் ஸ்ட்ரோக்குக்கும் உள்ள விகிதம் 1.51இலிருந்து 1.57 ஆகும், பிஸ்டன் சுவரில் சாய்ந்து தேய்ப்பது குறையும். கைவசம் காசு இருந்தால் நான் இந்த வழிக்குத்தான் போவேன்.

*

நான் செவ்ரலே 350 வி8 பிளாக்கில் 400இன் கிராங்கைப் போட்டு 383 (கன அங்குலம்) கட்டியவன். உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. எங்களுக்கு 400 கிராங்கின் மெயின் ஜர்னலை 2.65 அங்குலத்திலிருந்து 2.45க்குக் கிரைண்டிங் பண்ண வேண்டும். ராடு போல்ட் கேம் ஷாஃப்ட்டில் இடிக்கிறதா என்று ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்க வேண்டும். பிளாக்கின் கீழ் ஓரத்தைச் சுரண்ட வேண்டும். அதோடு 400 வெளியே பேலன்ஸ் செய்த என்ஜின், ஃப்ளைவீலும் முன் பேலன்சரும் அதற்கேற்ற ஜோடியாக வேண்டும். வரிசை ஆறில் ராடு, பிஸ்டன் எடையை ஒன்றுக்கொன்று சமப்படுத்திவிட்டு, கிராங்கைத் தனியாகப் பேலன்ஸ் பண்ணினால் முடிந்தது. வி8 மாதிரி பாப் வெயிட் (ராடு, பிஸ்டன் எடைக்கு ஈடான எடை) கட்டிச் சுழற்றுகிற வேலையே இல்லை. உங்கள் பட்ஜெட் பட்ஜெட்டாகவே நிற்பதற்கு அதுதான் பாதிக் காரணம்.

*

எல்லோரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் ஸ்ட்ரோக்கருக்கு ஒதுக்கிய பணத்தை ஆக்சிலில் போட்டவன்.

என் வண்டி ஐந்து கியர் மேனுவல், முதல் கியர் 3.83, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.72, ஆக்சில் 3.07. பெருக்கினால் 32. பெரிய டயர் போட்டதும் முதல் லோவிலும் வண்டி ஓடுகிறதே தவிர ஊரவில்லை. ஆக்சிலை 4.56க்கு மாற்றினேன், பெருக்குத்தொகை 47க்கு மேல் போய்விட்டது. சக்கரத்தில் இழுவை ஏறக்குறைய 48 சதவீதம் கூடுகிறது. 4.0 என்ஜினை 4.6 ஆக்கினால் கொள்ளளவு கூடுவதே 15 சதவீதத்துக்குப் பக்கம்தான், இழுவையும் சுமாராக அதே அளவுக்குத்தான் கூடும். என்ஜின் தேய்ந்து எப்படியும் பிரிக்க வேண்டிய நிலையில் இருந்தால் ஸ்ட்ரோக்கர் கட்டுங்கள், அது நியாயம். நல்லா ஓடுகிற என்ஜினை இறக்குவதற்கு முன்னால் ஆக்சில் விகிதம் என்ன என்று ஒரு தடவை பாருங்கள்.

*

ஹெட் பற்றி யாரும் எழுதவில்லையே என்று நான் வந்தேன்.

பழைய ஹெட் ஒன்று வாங்கப் போயிருந்தேன். கழுவி, வெள்ளி பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். வார்ப்பு எண் கடைசி நாலு இலக்கம் 0331. இந்த எண் கொண்டவற்றில் மூன்றாவது நாலாவது சிலிண்டருக்கு நடுவே விரிசல் விழுவது எல்லோருக்கும் தெரிந்த கதை. 2000ஐ ஒட்டிய வண்டிகளில் வந்தது. பின்னால் அந்த இடத்தைப் பலப்படுத்தி வார்த்ததும் உண்டு, அதில் டூப்பி என்று எழுத்து தெரியும். நான் பார்த்ததில் அந்த எழுத்து இல்லை. ராக்கர்கள் உட்காருகிற மேடைக்குப் பக்கத்தில், நடுவே, டார்ச்சைச் சாய்த்து அடித்தால் முடி மாதிரி ஒரு கோடு. துணியில் பெட்ரோல் நனைத்துத் துடைத்துவிட்டு உலர விட்டேன். சுற்றிலும் காய்ந்த பிறகும் கோடு மட்டும் ஈரமாகவே நின்றது. "பெயிண்ட் கோடுங்க" என்றார்கள். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வண்டியோடு வாங்குபவர்கள் ஆயில் மூடியைத் திறந்து அடியில் பால் காபி நிறத்தில் பசை இருக்கிறதா என்று பாருங்கள். நான் கடைசியில் 7120 எண் ஹெட் போட்டேன், 1991 முதல் தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை வந்த வண்டிகளில் இருப்பது. விரிசல் சோதனையைக் காந்தத்தூள் போட்டுச் செய்து கொடுத்த பிறகுதான் வால்வ் வேலையே ஆரம்பிக்கச் சொன்னேன்.

*

என் என்ஜினை நல்ல கைகள்தான் கட்டின, கிளியரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தது. மெயின் பேரிங்கில் இரண்டு தௌவை ஒட்டி, பிளாஸ்டிகேஜ் (இடைவெளி அளக்கிற பிளாஸ்டிக் இழை) வைத்து எனக்கே காட்டினார்கள். முதல் ஸ்டார்ட் மட்டும் நான் இல்லாதபோது நடந்தது. ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் அப்படியே ஐடிலில் விட்டுவிட்டு, கூலண்ட் ஒழுகுகிறதா, ஆயில் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

இதில் கேம் ஷாஃப்ட்டின் மேல் உட்கார்ந்து வால்வைத் தூக்குகிற டாப்பெட் தட்டை அடி கொண்டது, ரோலர் கிடையாது. புது கேமும் புது டாப்பெட்டும் ஒன்றோடொன்று பழகுவதற்கு முதல் இருபது நிமிடம் 2000 ஆர்.பி.எம்.க்கு மேலேயே ஓட்ட வேண்டும், ஏற்றி இறக்கி. அப்போதுதான் கேமுக்கு ஆயில் வீசும், டாப்பெட்டும் சுழலும். துத்தநாகம் அதிகமுள்ள ஆயில் ஊற்றியிருக்க வேண்டும். இது எதுவும் நடக்கவில்லை. கொஞ்ச நாளில் டக் டக் சத்தம். பிரித்துப் பார்த்தால் கேமில் ஒரு லோப் (வால்வைத் தூக்குகிற மேடு) மழுங்கி வட்டமாகவே ஆகிவிட்டது. கேமோடு முடியவில்லை, அந்த இரும்புத்தூள் ஆயிலில் ஓடியதால் பேரிங்கையும் மாற்ற வேண்டியிருந்தது. பட்டறையில் கூலியை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள், சாமான் செலவு என் தலையில்.

இப்போது யார் என்ஜின் கட்டினாலும், டிஸ்ட்ரிபியூட்டரை ஏற்றுவதற்கு முன் டிரில் மெஷினால் ஆயில் பம்பைச் சுற்றி, ராக்கர் வரை ஆயில் வருகிறதைப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொட விடுவேன்.

*

எரிபொருள் பக்கம் சுருக்கமாக. இந்த வண்டிகளின் கம்ப்யூட்டர் காற்றை நேரடியாக அளப்பதில்லை, மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்து ஊகிக்கிறது. என்ஜின் பெரிதானது அதற்குத் தெரியாது. சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் சரிக்கட்டிவிடும். முழு திராட்டிலில் சென்சாரைக் கேட்காது, பழைய அட்டவணைப்படியே பெட்ரோல் ஊற்றும். கலவை மெலிந்து, மேலே நண்பர் சொன்ன நாக்கிங் வரும். அதனால் இஞ்செக்டரைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். வாங்கும்போது அழுத்தத்தைக் கவனியுங்கள்: 1997 முதல் வந்த ரெயிலில் (இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கிற குழாய்) 49 பி.எஸ்.ஐ. 39இல் மணிக்கு 24 பவுண்டு கொடுக்கிற இஞ்செக்டர் 49இல் 27க்குப் பக்கம் கொடுக்கும். எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் கலவை கொழுத்துவிடும்.

1990 வரை வந்த ரெனிக்ஸ் (அன்றைய என்ஜின் கம்ப்யூட்டர்) வண்டிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம், நாக் சென்சார் இருக்கிறது. அதைப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள்.

*

ஆக்சில் நண்பருக்கு: கோபமெல்லாம் இல்லை, நீங்கள் சொன்ன கணக்கு சரிதான். என் என்ஜின் ஆயில் குடித்துக்கொண்டிருந்தது, எப்படியும் பிரிக்க வேண்டிய நிலை. அதனால்தான் கிராங்க் தேடினேன்.

கட்டப் போகிறவர்கள் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராங்க் எதுவாக இருந்தாலும் ஃப்ளைவீல் அல்லது ஃப்ளெக்ஸ் பிளேட் 4.0உடையதே வேண்டும். அதன் ஓரத்தில் இருக்கும் வெட்டுகளைப் படித்துத்தான் சென்சார் கிராங்க் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கிறது. 258 ஃப்ளைவீலைப் போட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும், ஸ்பார்க் வராது. மேனுவல் கியர்பாக்ஸ் என்றால் கிராங்கின் பின்துளையில் பைலட் புஷ் (கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்குவது) பொருந்துகிறதா என்று என்ஜினை ஏற்றுவதற்கு முன்னாலேயே பாருங்கள். கியர்பாக்ஸை மாட்டின பிறகு தெரிந்தால் எல்லாவற்றையும் திரும்ப இறக்க வேண்டும்.

1996 முதல் வந்த பிளாக் என்றால் மெயின் கேப்களை இணைக்கும் இரும்புச் சட்டம் ஒன்று அடியில் இருக்கும். அதை மாட்டிவிட்டு, ஸ்பார்க் பிளக் இல்லாமல், கையால் இரண்டு முழுச் சுற்று கிராங்கைச் சுற்றிப் பாருங்கள். எங்காவது உரசினால் கையிலேயே தெரியும்.