அலுவலகம் முடிந்த பின் கிடைக்கும் ஒரு மணி நேரம்

கேள்வி: கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்கு வந்துபோகும் எனக்கு, மாலையில் வீடு திரும்புவதற்கு முன் ஒரு மணி நேரம் மிஞ்சுகிறது. அதிகச் செலவில்லாமல் அதை எங்கே கழிக்கலாம்?

மறுமொழி 1: கடற்கரைச் சாலைக்குச் செல்லுங்கள், தோழி. மாலை 6 மணிக்குமேல் அங்கே வண்டிகளை அனுமதிப்பதில்லை என்பதால், காந்தி சிலையைக் கடந்து நடுச்சாலையிலேயே கைவீசி நடக்கலாம். சுண்டல் பொட்டலத்தின் அடியில் தங்கும் மாங்காய்த் துண்டுகளைக் கடைசிவரை தொடாமல் வைத்திருப்பது என் வழக்கம் (பங்கு கேட்பவர்களை உடன் அழைத்துச் செல்லாதீர்கள்).

மறுமொழி 2: கூட்டம் பிடிக்காதென்றால் பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தின் அருகே அமரலாம். ஞாயிற்றுக்கிழமை வர முடிந்தால் காந்தி வீதிச் சந்தையையும் பாருங்கள். பேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்டவர்: நன்றி. நேற்றே கடற்கரைக்குச் சென்றேன். மாங்காயை முதலிலேயே தின்றுவிட்டேன்.