சிற்றலையில் ஒரே இடத்தில் இரண்டு சீனக் குரல்கள்: ரேடியோ கோளாறா?

நெல்லை நேயர்:
வணக்கம். ராத்திரி சிற்றலையில் 31 மீட்டர் பக்கம் திருப்பினால் சில இடங்களில் சீன மொழியில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். ஒரு குரல் மெலிசாக அடியில் கிடக்கிறது, இன்னொன்று கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி எதிரொலியோடு அதை அமுக்குகிறது. பேட்டரி மாற்றினேன், வீட்டு மெயினையே அணைத்துப் பார்த்தேன், மொட்டை மாடியில் நீளமாகக் கம்பி கட்டினேன், ஒன்றும் மாறவில்லை. பக்கத்து நிலையங்கள் எல்லாம் தெளிவு. செட்டைப் பிரிக்கலாமா?

காரைக்குடி:
பிரிக்காதீங்க, செட் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் கேட்பது ஜாமிங், அதாவது ஒரு ஒலிபரப்பை யாரும் கேட்காதபடி வேண்டுமென்றே இன்னொன்றைப் போட்டு அடைப்பது. அடியில் இருப்பது அநேகமாக சீன அரசை எதிர்த்துப் பேசும் ஒலிபரப்பு, தைவானிலிருந்து வரும் சவுண்ட் ஆஃப் ஹோப் போல ஒன்று. அதே அதிர்வெண்ணில் சீன அரசு தன் தேசிய வானொலியின் முதல் அலைவரிசையைப் போட்டு மூடுகிறது. பல டிரான்ஸ்மிட்டர்களிலிருந்து ஒரே நிகழ்ச்சி கொஞ்சம் முன்பின்னாக வந்து சேர்வதால்தான் அந்த எதிரொலி. முன்பெல்லாம் பேச்சே இருக்காது, மேளமும் தாளமுமாகச் சீன இசை விடாமல் ஓடும், நேயர்கள் அதற்கு ஃபயர்டிரேக் என்று பேர் வைத்திருந்தார்கள். சந்தேகம் இருந்தால் இணையத்தில் ஜப்பான் பக்கம் உள்ள ஒரு ரிசீவரில் அதே அதிர்வெண்ணைப் போட்டுக் கேளுங்கள்.

நெல்லை நேயர்:
கேட்டேன், அங்கேயும் அதேதான்! ரொம்ப நன்றி அண்ணா. ஆனால் ஒரு குரலை அமுக்க இவ்வளவு மின்சாரமா? மற்ற நாடுகளும் இப்படித்தான் செய்தனவா?

பழைய வால்வு செட்:
சோவியத் யூனியன் செய்ததற்கு முன் இது சின்ன விஷயம் தம்பி. 1948-லேயே வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ரஷ்ய ஒலிபரப்பை அடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1953 மார்ச்சில், சோவியத் மக்களுக்காக அமெரிக்கா நடத்திய ரேடியோ லிபர்ட்டி தொடங்கிய கையோடு அதற்கும் இரைச்சல். தூரத்திலிருந்து, வானில் பட்டுத் திரும்பும் அலையில் அடிப்பது ஒரு வகை. நகரத்துக்குள்ளேயே டிரான்ஸ்மிட்டர் வைத்து அடிப்பது இன்னொன்று, அதன் வீச்சு சில பத்து கிலோமீட்டர்தான், அதனால் மாஸ்கோவில் கேட்காதது ஊருக்கு வெளியே கேட்டது. கடைகளில் விற்ற செட்டுகளில் 25 மீட்டருக்குக் கீழே உள்ள பட்டைகளே வராது, கைத்திறன் உள்ளவர்கள் தாங்களே மாற்றிக்கொண்டார்கள். 1987-ல் பிபிசிக்கும் அமெரிக்க வானொலிக்கும் விட்டார்கள், லிபர்ட்டிக்கு 1988 கடைசியில்தான். வட கொரியாவிலோ ஊசியே நகராதபடி செட்டைப் பூட்டி முத்திரை வைக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது பிரிட்டன் செய்ததுதான். 1939 செப்டம்பரில் ஜெர்மனி வெளிநாட்டு வானொலி கேட்பதையே குற்றமாக்கியது, கேட்டதைப் பரப்பினால் மரண தண்டனை வரைக்கும். அதே போரில் பிரிட்டன், ஹாம்பர்க்கிலிருந்து ஆங்கிலத்தில் பேசிய நாஜிப் பிரச்சாரகர் வில்லியம் ஜாய்ஸைக் கேட்கத் தன் மக்களுக்குத் தடை போடவில்லை. ஈவ்ஷாம் என்ற ஊரில் ஆட்களை உட்கார வைத்து எதிரி வானொலிகளை எழுதி எடுத்தது. 1940-ல் ஞாயிறு இரவு ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும் எழுத்தாளர் ஜே.பி. பிரீஸ்ட்லி போன்ற நல்ல பேச்சாளரை உட்கார வைத்தது, ஜனங்கள் ஜெர்மன் பக்கம் திருப்பாமல் அங்கேயே இருந்தார்கள். ஜனங்களை நம்பிய அரசு அது.

காரைக்குடி:
ஐயா, முழுசாக அப்படிச் சொல்ல முடியாது. அதே பிரிட்டன் 1956-ல் தன் காலனியான சைப்ரஸில் ஏதென்ஸ் வானொலியை ஜாம் செய்தது. சொந்த நாட்டு ஜனங்களிடம் காட்டிய நம்பிக்கை காலனிக்குக் கிடைக்கவில்லை, அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பழைய வால்வு செட்:
ஒத்துக்கொள்கிறேன், அது பெரிய களங்கம்தான்.

நெல்லை நேயர்:
சரி, அடியில் இருக்கிற குரலை எப்படியாவது பிரித்தெடுக்க வழி உண்டா?

காரைக்குடி:
இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் இருந்தால் உங்கள் செட்டில் முடியாது. சில கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருந்தால் எஸ்எஸ்பி-க்கு (அலையின் ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கும் முறை, செட்டில் இருந்தால்) மாற்றி, இரைச்சல் இல்லாத பக்கத்தை மட்டும் கேளுங்கள். இந்த நிலையங்கள் அடிக்கடி இடம் மாறும், மாறிய புதிதில் கொஞ்ச நேரம் சுத்தமாகக் கிடைக்கும். மேலேயும் கீழேயும் மெதுவாகத் தேடிப் பாருங்கள்.