ஆழ்கடல் மீட்பு வேலை: ஆர்ஓவி கோர்ஸுக்கு நாலரை லட்சம் கட்டலாமா?

வல்லநாட்டான்:
அண்ணன்மாருக்கு வணக்கம். டிப்ளமோ எலக்ட்ரிக்கல் முடித்துவிட்டு மூன்று வருடமாகத் தூத்துக்குடியில் ஒரு பட்டறையில் மோட்டார் ரீவைண்டிங், பேனல் வயரிங் பார்க்கிறேன். ஆர்ஓவி என்கிற, கப்பலிலிருந்து கேபிள் வழியாக இயக்கும் ரோபோவைக் கடலுக்கடியில் ஓட்டி, மூழ்கிய கப்பல், விழுந்த விமானம் எல்லாம் எடுப்பதை வீடியோவில் பார்த்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. ஒரு ஏஜென்ட் மூன்று வாரக் கோர்ஸ், நாலரை லட்சம், முடித்தால் வேலை உறுதி என்கிறார். அம்மா நகையை அடகு வைக்கத் தயார். கேம் நன்றாக ஆடுவேன், ஜாய்ஸ்டிக் பழக்கம் உண்டு. நீச்சல் சுமார்தான். இறங்கலாமா?

பழைய பைலட்:
தம்பி, நகை வீட்டிலேயே இருக்கட்டும். மற்றதைப் பேசுவோம்.

பதினாலு வருடமாக இதுதான் எனக்குச் சோறு. காக்கிநாடா கடலிலும் மும்பைக்கு அப்பால் பாம்பே ஹை எண்ணெய் வயலிலும் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. இத்தனை வருடத்தில் மீட்பு என்று சொல்லத் தக்கது ஐந்தே வேலை. மற்ற நாளெல்லாம் எண்ணெய்க் கிணற்றில் வால்வு திருப்புவது, பைப்லைனைக் கிலோமீட்டர் கணக்கில் பார்த்துக்கொண்டே போவது. கொட்டாவிதான் வரும்.

ஜாய்ஸ்டிக்கை மற. உன் ரீவைண்டிங் கைதான் முக்கியம். நாங்கள் ஓட்டுவது ஒரு வேன் அளவு, மூன்று நாலு டன் வண்டி. 12 மணி நேர ஷிப்டில் அதை ஓட்டுவதைவிட டெக்கில் ஸ்பேனரோடு நிற்பதே அதிகம். 3,000 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 300 கிலோ அழுத்தம் இருக்கும். அதனால் வயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸில் காற்றே இல்லாமல் எண்ணெய் நிரப்பி, உள் அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்படி காம்பன்சேட்டர் வைப்போம். மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் போதும், உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். இன்சுலேஷனை அளக்கும் மெகர் வைத்துப் பார்த்தால் இன்சுலேஷன் படுத்திருக்கும். அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு மழையில் கேபிள் முனையை வெட்டிப் புதிதாக முனை இணைப்பு, அதாவது டெர்மினேஷன், போட வேண்டும். கேம் ஆடுகிற பையன்கள் இந்த இடத்தில்தான் ஊருக்கு டிக்கெட் கேட்பார்கள்.

வீடியோவில் காட்டாத இன்னொன்று. கறுப்புப் பெட்டி மாதிரிச் சின்னப் பொருளை ஆர்ஓவி கையில் எடுத்துக் கூடையில் போடும். கனமான எதையும் அது தூக்காது. தலையில் ஃபோம் கட்டை வைத்து மிதக்கிற எடைக்குச் சரிக்கட்டிய வண்டி அது. கீழே போய்க் கயிறு மாட்டிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது, தூக்குவது மேலே இருக்கும் கிரேன்.

ஒரு தடவை வேறொரு கப்பலின் கிரேனிலிருந்து கருவிக் கூடை ஒன்று அறுந்து 1,100 மீட்டரில் விழுந்துவிட்டது. எங்களைக் கூப்பிட்டார்கள். இறங்கவே முக்கால் மணி நேரம். ஒலியை வைத்துத் தேடும் சோனாரில் சீக்கிரமே கிடைத்துவிட்டது, ஆனால் பாதிக் கூடை சேற்றுக்குள். தூக்கு வளையமும் சேற்றுக்குள்தான். வண்டியின் இடது கையால் கூடையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் கொக்கியோடு கிட்டே போனேன். வண்டியைத் தள்ளும் த்ரஸ்டர் காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றியதுமே சேறு கிளம்பித் திரை முழுக்கப் பால் டீ. கன்ட்ரோலிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். நீரோட்டம் கலங்கலைத் தள்ளிக்கொண்டு போக இருபது நிமிடம். மறுபடி கிட்டே போனால் மறுபடி டீ. இப்படி ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்து, கொக்கியின் நாக்கு வளையத்துக்குப் பின்னால் மூடியதைத் திரையில் பார்த்தபோது மணி நாலு இருபது. இதற்கு நடுவில் ஒரு நண்டு எங்கள் கேமராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

அதற்குப் பிறகுதான் பயம். சேறு கூடையை உறிஞ்சிப் பிடித்திருக்கும், விடுவிக்கும்போது அதன் எடையைவிட அதிகமாக இழுக்கும். மேலே கப்பல் அலையில் ஏறி இறங்க, கயிறு ஒரு நொடி தளரும், மறு நொடி விறைக்கும். நான் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். வந்துவிட்டது.

கடற்குருவி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் ஆராய்ச்சிக் கப்பலில் எலக்ட்ரானிக்ஸ் பார்த்தவள். தேடுவது ஒரு தொழில், எடுப்பது இன்னொரு தொழில். 2015 ஜூனில் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூன்று பேரோடு கடலூருக்கு அப்பால் காணாமல் போனது நினைவிருக்கும். அந்தக் காலத்துக் கறுப்புப் பெட்டியின் ஒலிக்கருவி பொதுவாக 30 நாள்தான் கத்தும். நீர்மூழ்கி சிந்துத்வஜ் அந்தச் சத்தத்தைப் பிடித்தது. அப்புறம் ஒலிம்பிக் கேன்யன் கப்பலின் ஆர்ஓவி இறங்கி, கிட்டத்தட்ட 950 மீட்டரிலிருந்து பெட்டியை எடுத்தது. அந்தக் கப்பல் எண்ணெய் வேலைக்கு வந்தது, அதைக் கவனியுங்கள் தம்பி.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் வேறு கதை. 29 பேர். ஏழரை வருடம் கழித்து, 2024 ஜனவரியில்தான் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமான என்ஐஓடியின் கேபிள் இல்லாத தானியங்கி வாகனம் எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் தெரிந்தன. சென்னையிலிருந்து 310 கிலோமீட்டர் தூரம், 3,400 மீட்டர் ஆழம்.

முத்துக்குளி:
புதையல் எடுத்தால் பங்கு உண்டா பைலட் சார்? சும்மா கேட்கிறேன்.

பழைய பைலட்:
எனக்குச் சம்பளமும் மெஸ் சாப்பாடும்தான் சார்! கம்பெனிக்கு உண்டு. கல்கத்தாவிலிருந்து வெள்ளியோடு கிளம்பிய கெய்ர்சொப்பா கப்பலை 1941இல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 2012இல் ஒடிஸி என்கிற கடல் மீட்புக் கம்பெனி ஆர்ஓவியை வைத்து 4,700 மீட்டரிலிருந்து 1,203 வெள்ளிக் கட்டிகளை, நாற்பது டன்னுக்கு மேல், எடுத்தது. செலவு போக மதிப்பில் 80 சதவீதம் கம்பெனிக்கு, மீதி பிரிட்டிஷ் அரசுக்கு என்று ஒப்பந்தம். வெள்ளி இல்லாமல் போயிருந்தால் செலவு முழுக்கக் கம்பெனி தலையில்தான்.

வல்லநாட்டான்:
அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். நகை பீரோவுக்குப் போய்விட்டது. சரி, அப்போது எப்படித்தான் நுழைவது?

பழைய பைலட்:
ஹைட்ராலிக்ஸ் கற்றுக்கொள். ஊரில் ஜேசிபி பழுது பார்க்கிறவரிடம் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை போனாலே பாதி வந்துவிடும். கடல் உயிர்காப்புப் பயிற்சி கட்டாயம். ஹெலிகாப்டர் கூண்டைத் தண்ணீரில் கவிழ்த்து வெளியே வரச் சொல்வார்கள், அதற்கு நீச்சலைவிடப் பதறாமல் இருப்பது முக்கியம். ஏஜென்ட்டிடம் இரண்டே கேள்வி கேள்: கோர்ஸ், கடல் வேலை ஒப்பந்தக் கம்பெனிகளின் சர்வதேசச் சங்கமான ஐஎம்சிஏ வழிகாட்டுதல்படி நடக்கிறதா, நிஜ வண்டியைத் தண்ணீரில் இறக்க விடுவார்களா. வேலை உறுதி என்றால் எந்தக் கம்பெனி என்று எழுத்தில் தரச் சொல், பிறகு போனை எடுக்கிறாரா பார். பயோடேட்டாவில் கேமை எழுதாதே, ரீவைண்ட் செய்த மோட்டார்களின் குதிரைத்திறனை எழுது.

பட்டறையில் மெகர் எத்தனை வோல்ட் வரைக்கும் வைத்திருக்கிறாய்?