எந்த பூஸ்டர் எந்த செயற்கைக்கோளுக்கு? இதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

வால்வெள்ளி (கேள்வி):
ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட் அடுத்தடுத்து ஏவப்போகிற பட்டியலைப் பார்த்தால் தேதி இருக்கிறது, ஏவுதளம் இருக்கிறது, செயற்கைக்கோள் பெயர்கூட இருக்கிறது, ஆனால் பூஸ்டர் (ராக்கெட்டைக் கிளப்பிவிட்டுத் திரும்பி வந்து இறங்கி, மறுபடி பறக்கிற கீழ்ப்பகுதி) எண் இருக்க வேண்டிய கட்டம் பாதிக்கு மேல் காலி. சிலவற்றுக்குக் கிளம்பும் நேரம் நெருங்கிய பிறகுதான் எண்ணே தெரியவருகிறது. ஏன் இப்படி? பி1067 என்ற எண்ணுள்ள பூஸ்டர் மாதிரி 30 தடவையைத் தாண்டிப் பறந்ததை எல்லாம் தங்கள் சொந்த இணையச் செயற்கைக்கோள்களான ஸ்டார்லிங்குக்கு வைத்துக்கொண்டு, காசு கொடுத்து ஏவுகிறவர்களுக்குப் புதுசாகப் பார்த்துக் கொடுக்கிறார்களா? "பழசு நமக்கு, புதுசு வாடிக்கையாளருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடலாமா, இல்லை வேறு கணக்கு ஏதாவது ஓடுகிறதா?

ஒன்பது_மெர்லின்:
அந்த ஒரு வரி பாதி சரி, அவ்வளவுதான். வயதைப் பார்ப்பதற்கு முன்னால் அது எந்தக் கரையில் கிடக்கிறது என்று பாருங்கள். ஃப்ளோரிடாவில் இருக்கிற பூஸ்டரை கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க்குக்குக் கொண்டுபோவது என்றால் 40 மீட்டருக்கு மேல் நீளமான சாமானைப் படுக்கவைத்து லாரியில் நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். அதை எப்போதாவது செய்வார்களே தவிர ஒரு லாஞ்சுக்காகச் செய்யமாட்டார்கள். ஆக, கையிருப்பு முதலிலேயே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

அப்புறம், போன தடவை எங்கே இறங்கியது என்பது. ஸ்டார்லிங்க் ஏவிய பூஸ்டர் பெரும்பாலும் கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, ஆளில்லாமல் மிதக்கிற ட்ரோன் கப்பலில்தான் இறங்கும். அந்தக் கப்பலை இழுவைப் படகு மெதுவாக இழுத்துக்கொண்டு வர நாள் கணக்கில் ஆகும், துறைமுகத்தில் கிரேன் வைத்துத் தூக்கி, நாலு கால்களையும் ஒவ்வொன்றாக மடக்கி, படுக்கவைத்து, அதற்குப் பிறகுதான் ஹேங்கருக்கே போகும். அட்லாண்டிக் பக்கம் இரண்டே கப்பலை வைத்துப் பல வருடம் ஓட்டினார்கள். கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் அந்த வரிசையே நகர்ந்துவிடும். அதனால் ஒரு மாதம் முன்னால் எண் எழுதினாலும் அடித்துத் திருத்த வேண்டியதுதான், கட்டத்தைக் காலியாக விடுவதுதான் நேர்மை.

2025 மார்ச்சில் பி1088 நாசாவின் ஸ்ஃபியரெக்ஸ் விண்வெளித் தொலைநோக்கியை ஏவிவிட்டு, 9 நாள் சொச்சத்தில் அமெரிக்க உளவுத்துறையின் என்ஆர்ஓஎல்-57ஐயும் ஏவியது. எப்படி முடிந்தது? இரண்டு தடவையும் வாண்டன்பெர்க்கிலேயே தரையில் வந்து இறங்கியது, கப்பலே கிடையாது. ஆனால் எல்லா லாஞ்சுக்கும் இது நடக்காது, திரும்பி வர எரிபொருள் மிச்சம் வேண்டும், அதற்குச் சுமை குறைவாக இருக்க வேண்டும்.

சுற்றுப்பாதை_சுந்தரி:
கரை, கப்பல் எல்லாம் சரி, வாடிக்கையாளரை ஒரேயடியாக விட்டுவிட்டீர்களே. யார் எதற்கு ஒப்புக்கொள்கிறார்கள் என்பதும் பெரிய விஷயம். 2017 மார்ச்சில் எஸ்இஎஸ்-10 செயற்கைக்கோளை ஏற்கெனவே பறந்த பூஸ்டரில் ஏவ எஸ்இஎஸ் நிறுவனம் துணிந்தது, அதுதான் முதல் தடவை. அமெரிக்க ராணுவம் 2020 நவம்பரில் ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்குப் புது பூஸ்டரை வாங்கியது, பி1062. அடுத்த ஜூனில் இன்னொரு ஜிபிஎஸ்ஸுக்கு அதே பி1062ஐயே ஏற்றுக்கொண்டது. நாசாவும் க்ரூ-1 விண்வெளி வீரர்கள் போன பி1061லேயே க்ரூ-2 வீரர்களை அனுப்பியது. இப்படி ஒருவர் கூட்டத்தில் முதலில் இறங்கினால் மற்றவர்களும் பின்னாலேயே வருவார்கள்.

இப்போது உங்கள் ஒரு வரிக்கு வருகிறேன். 2024 ஏப்ரலில் ஐரோப்பாவின் கலிலியோ வழிகாட்டி செயற்கைக்கோள்கள் இரண்டு எதில் போயின? தன் 20வது பயணத்துக்குக் கிளம்பிய பி1060இல்! அது திரும்பி வரவும் இல்லை, ஏனென்றால் அந்த உயரத்துக்குத் தள்ள எரிபொருளை முழுசாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படித் தியாகம் செய்யவேண்டி வந்தால் நன்றாக உழைத்துத் தேய்ந்ததைத்தான் கொடுப்பார்கள், புதுசைக் கடலில் போட யாருக்கு மனசு வரும்? 2022இல் இரண்டு கேலக்ஸி செயற்கைக்கோள்களுக்காக பி1051ஐ இப்படித்தான் கைவிட்டார்கள். ஏவுதளப் படத்தில் பூஸ்டருக்குக் கால்களும் இறங்கும்போது திசைதிருப்ப மேலே இருக்கிற கிரிட் துடுப்புகளும் இல்லை என்றால் அது திரும்பப்போவதில்லை என்று புரிந்துகொள்ளலாம். அதே கலிலியோ 2024 செப்டம்பரில் மறுபடி போனபோது பி1067ஐக் கப்பலில் இறக்கிக் காட்டினார்கள், அது வேறு.

வால்வெள்ளி:
அப்போ பழசு ஆக ஆக ஆபத்து கூடுமே, வாடிக்கையாளர் எப்படிச் சம்மதிக்கிறார்? பி1062 தன் 23வது தடவையில்தானே இறங்கும்போது சாய்ந்து எரிந்தது?

ஒன்பது_மெர்லின்:
அது 2024 ஆகஸ்ட். ஆனால் 2025 மார்ச்சில் பி1086 கப்பலில் இறங்கிய பிறகு அடியில் தீப்பிடித்துக் கால் போய்ச் சாய்ந்தது, அதற்கு அது 5வது பயணம்தான். பி1058 19வது தடவை நன்றாகவே இறங்கியது, பிறகு காற்றும் அலையும் தள்ளிவிட்டது. மூன்றிலும் செயற்கைக்கோள்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன என்பதைக் கவனியுங்கள். இறங்கும்போது போனால் நஷ்டம் ஸ்பேஸ்எக்ஸுக்கு, வாடிக்கையாளருக்கு இல்லை.

உண்மையில் செயற்கைக்கோளை இழந்த கதை 2024 ஜூலையில் நடந்தது. 20 ஸ்டார்லிங்குகள் போயின, காரணம் பூஸ்டருக்கு மேலே இருக்கிற இரண்டாம் கட்டத்தில் திரவ ஆக்ஸிஜன் கசிவு. இரண்டாம் கட்டம் ஒவ்வொரு தடவையும் புத்தம்புதுசு! 19வது தடவை பறந்த கீழே இருந்த பூஸ்டரோ சத்தமில்லாமல் வந்து இறங்கியது. 2015, 2016 ஃபால்கன் 9 விபத்துகளும் இரண்டாம் கட்டத்தில்தான். பலமுறை பறந்தது என்றால் பலமுறை சோதிக்கப்பட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன். இருந்தாலும் அதிகம் பறந்ததை இன்னும் எத்தனை தடவை தாங்கும் என்று பார்ப்பதற்கு ஸ்டார்லிங்கையே பயன்படுத்துகிறார்கள், அந்த அளவுக்கு நீங்கள் சொன்னது சரிதான்.

கரும்புகை:
ஒன்று விட்டுப்போச்சு. மூன்று பூஸ்டர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய ஃபால்கன் ஹெவி ராக்கெட்டின் பக்க பூஸ்டரை மாற்றி அமைத்து ஃபால்கன் 9ஆக ஓட்டலாம், பி1052 அப்படித்தான் மாறியது, மேலே சொன்ன பி1086உம் அப்படி வந்ததே. நடு பூஸ்டர் மட்டும் தனி ரகம், மூன்று ராக்கெட்டின் பாரத்தைத் தாங்கக் கட்டியது. அதற்குப் பதில் இன்னொன்றைச் செருக முடியாது. அதனால் ஹெவி லாஞ்ச் என்றால் நடு பூஸ்டரைக் கடைசி நேரத்தில் மாற்றிக்கொள்ள வழியில்லை.