டக்ஸிடோ கடல் முள்ளெலிக்கு முள் உதிர்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
நண்பர்களே, 3 அடி ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. நீலக்கலர் டக்ஸிடோ முள்ளெலி ஒன்று, போகிற இடமெல்லாம் தலையில் ஒரு சிப்பி ஓட்டைச் சுமந்துகொண்டு பாறையில் மேய்ந்துகொண்டிருந்தது. இப்போது ஓட்டைக் கீழே போட்டுவிட்டது, உச்சியில் முள் உதிர்ந்து வழுக்கை தெரிகிறது. மீன்கள், சாஃப்ட் கோரல் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. நைட்ரேட் 10, கால்சியம் 340, வெப்பம் 26 டிகிரி, உப்பளவு பார்க்கும் ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டுகிறது. மருந்து ஏதாவது போடலாமா?

பதில்:
மருந்து மட்டும் வேண்டாம். மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கடையில் தரும் மருந்துகள் பலவற்றில் காப்பர் இருக்கும், முள்ளெலி, இறால், நத்தை எதுவும் தப்பாது. ஹைட்ரோமீட்டர் ஊசி ஆடும் பிளாஸ்டிக் டப்பாவா?

கேட்டவர்:
ஆமாம், அதேதான்.

பதில்:
அப்போ எனக்குச் சந்தேகம் அதன் மேல்தான். ஊசியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே மேலே தூக்கிக்கொண்டு, தண்ணீரில் இல்லாத உப்பை இருப்பதாகக் காட்டும். கால்சியம் 340க்கு இறங்கியிருப்பதும் அதோடு பொருந்துகிறது, உப்பு குறைந்தால் அதுவும் கூடவே குறையும். மீன் ஜாலியாக நீந்துவதை நம்பாதீர்கள், அதன் உடம்பு உப்பின் ஏற்ற இறக்கத்தை ஓரளவு சமாளிக்கும், முள்ளெலிக்கு அந்த ஏற்பாடே கிடையாது. ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கேலிபரேஷன் திரவத்தில் சரிசெய்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொருவர்:
சாப்பாடும் கவனியுங்கள். பாறையில் பாசி தீர்ந்துபோய், பாறையில் ஒட்டி வளரும் ஊதாச் சுண்ணாம்புப் பாசிப் படலமும் சுரண்டப்பட்டு வெள்ளையாகத் தெரிந்தால் அது பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். சுஷிக்கு விற்கும் நோரி ஷீட் (காய்ந்த கடற்பாசித் தாள்), உப்பு மசாலா சேர்க்காதது, ஒரு துண்டைச் சின்னக் கல்லில் ரப்பர் பேண்டால் கட்டி ராத்திரி பக்கத்தில் வையுங்கள்.

கேட்டவர்:
ரிஃப்ராக்டோமீட்டர் இரவல் வாங்கிப் பார்த்தேன், 1.020! உப்பைக் கரைத்து மொத்தமாக ஊற்றிவிடவா?

பதில்:
ஐயோ வேண்டாம் ப்ரோ, திடீரென்று ஏற்றினால் அதுவே அதைக் கொன்றுவிடும். ஆவியாகிற அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவீர்களே, அதற்குப் பதிலாக உப்புத்தண்ணீர் ஊற்றுங்கள், ஒரு நாளைக்கு 0.001க்கு மேல் ஏறக்கூடாது. முட்களுக்கு இடையே நீளும் ஒட்டுக்கால்களான குழாய்க்கால்கள் கண்ணாடியைப் பிடிக்கின்றனவா? பிடித்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, முள் திரும்ப முளைக்கும். பிடிவிட்டு உருண்டு கிடந்து நாற்றம் வந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள், உள்ளேயே அழுகினால் அமோனியா ஏறி மற்றதையும் கொண்டுபோய்விடும்.

கேட்டவர்:
நல்லா பிடிக்கிறது, இழுத்துப் பார்த்தேன், வரமாட்டேன் என்கிறது.

பதில்:
சரி, இனிமேல் இழுக்காதீர்கள். குழாய்க்கால் அறுந்துவிடும்.